ஒரே பெஞ்சில் அம்மாவும் நானும்

அம்மா என்னோடு கல்லூரியில் சேர்ந்ததற்குப் படிப்பின் மேல் இருந்த ஆசை காரணமல்ல. வகுப்புக்கு ஒரு ஆள் குறைந்ததுதான் காரணம்.

வயதானவர்கள், நோயில் விழுந்து எழுந்தவர்கள், அன்றாட வேலைகளுக்கு இன்னொரு கை தேவைப்படுகிறவர்கள், இவர்களுக்குத் துணை நிற்கும் வேலைக்கான ஓராண்டுப் படிப்பு அது. பள்ளி முடித்துத் துணிக்கடையில் நின்றதில் எனக்குக் கால் வலிதான் மிச்சம். இந்தப் படிப்பை நானே தேடிப் பிடித்தேன். சேர்வதற்குக் கடைசி நாளன்று போனேன். அம்மாவும் கூடவே வந்தாள். எதற்கு வந்தாள் என்று கேட்கக் கூடாது. நான் பல் பிடுங்கப் போனாலும் வருவாள், பேனா வாங்கப் போனாலும் வருவாள்.

அலுவலகத்தில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த ஒரு அம்மணி என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆள் குறையுதே. பன்னிரண்டு பேராவது சேர்ந்தாதான் இந்த வகுப்பை நடத்துவோம். உங்களையும் சேர்த்துப் பதினொண்ணு. சாயங்காலத்துக்குள்ள இன்னொருத்தர் வரலேன்னா அடுத்த வருஷம்தான்.”

எனக்கு முகம் தொங்கிப் போயிற்று. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மணியைப் பார்த்தாள்.

“இதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்குங்களா?”

“அப்படி ஒண்ணும் இல்ல. ஸ்கூல் முடிச்சிருந்தாப் போதும்.”

“முடிச்சிருக்கேன். அப்ப அந்தப் பன்னிரண்டாவது ஆள் நான்தான். எங்க கையெழுத்துப் போடணும்?”

தமாஷுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அதற்குள் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவையும் வாங்கிவிட்டாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “அம்மா, உனக்கென்ன பைத்தியமா?”

“ஏண்டி கத்தறே? ரெண்டு வாரம் சும்மா வந்து உக்காந்துட்டு நின்னுடறேன். ஆரம்பிச்ச வகுப்பை நடுவுல மூடவா போறாங்க?”

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்த மாடியில் எந்த ஒயர் எப்படிப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் தன்னுடைய காலுறை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்டவர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப எனக்குச் சாப்பாடு?” என்பதுதான்.

“ரெண்டே வாரந்தாங்க. செஞ்சு வெச்சுட்டுத்தான் போவேன்” என்றாள் அம்மா.

நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டேன். “கிளாஸ்ல நீ எனக்கு அம்மா கிடையாது. பின்னாடி போய்த் தெரியாதவங்க மாதிரி உக்காரணும். சம்மதமா?”

“சம்மதம். நீ யாருன்னே எனக்குத் தெரியாது, போதுமா?”

முதல் நாள் சொன்னபடியே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தவர். ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. எழுந்து நின்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏண்டி, டிபன் பாக்ஸை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா? என் பையிலயும் காணோமே!”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. மறைக்க முடியாத மூக்கு.

“பொண்ணா?”

“தெரியாதுங்க டீச்சர்” என்றாள் அம்மா, வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று.

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு என் பெஞ்சிலேயே உட்கார வைத்தார். அந்த வருடம் முழுவதும் நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

எனக்கு இன்னொரு பக்கத்தில் சுருட்டை முடிக்காரி ஒருத்தி. என் வயதுதான். இடைவேளையில் அவள் ஒரு சிக்கலைக் கிளப்பினாள். “உங்கம்மாவை ஆன்ட்டின்னு கூப்பிட்டா கிளாஸ்மேட் மாதிரியே இருக்காது. நான் அக்கான்னு கூப்பிடறேன்.” அம்மாவுக்கு வாயெல்லாம் பல். உடனே சுருட்டை முடிக்காரி என் பக்கம் திரும்பி, “அப்ப முறைப்படி நான் உனக்குச் சித்தி. இனிமே மரியாதையாப் பேசணும்” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் பெயரே சித்தி என்று ஆகிவிட்டது. மற்றவர்களும் அக்கா என்றே கூப்பிட, இருந்த இரண்டு பையன்களும் ஒரே நாளில் எனக்கு மாமாக்கள் ஆனார்கள். டீச்சர்கூட ஒருநாள் வாய் தவறி “அக்கா” என்று சொல்ல, சித்தி என் காதருகே குனிந்து, “பெரிய சித்தி” என்றாள்.

இரண்டு வாரம் முடிந்தது. அம்மா நிற்கவில்லை. “நாளைக்கு முதுகு பிடிக்காம ஆளை எழுப்பறது எப்படின்னு சொல்லித் தராங்களாம். அதை மட்டும் கேட்டுட்டு நின்னுக்கறேன்” என்றாள். அடுத்த வாரம் மறதி நோய் பற்றிய பாடம் இருந்தது. அதற்கடுத்த வாரம் சக்கர நாற்காலி. அதன்பின் நிற்பதைப் பற்றிய பேச்சையே அவள் எடுக்கவில்லை. மாலையில் அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டுப் புத்தகத்தை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துச் சத்தமாக வாசிப்பாள். குளிக்க உதவும்போது தண்ணீரின் சூட்டை முதலில் யார் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்குக்கூட மனப்பாடம்.

எழுத்துத் தேர்வுகளில் நான்தான் முதல். டீச்சர் எது சொன்னாலும் என் மண்டைக்குள் அச்சடித்தது போல நிற்கும். முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேட்க வேண்டும், அதற்கப்புறம்தான் தொட வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்மா எழுத்தில் சுமார். ஆனால் செய்முறை வகுப்பு என்றால் அவள்தான் ராணி என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். இருபத்தைந்து வருடமாக வீட்டில் அவள் பார்ப்பது இதே வேலைதானே?

முதல் செய்முறை, ஒருவருக்கு இன்னொருவர் ஊட்டுவது. டீச்சர் என் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, மசித்த வாழைப்பழத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். நான் “தயார்” என்று சொல்வதற்குள் ஒரு கரண்டி வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்குவதற்குள் இரண்டாவது. மூன்றாவதோடு கைக்குட்டை வந்து என் கன்னத்தைத் துடைத்தது.

“ஆ காட்டு. ம்… முழுங்கு. சமத்து.”

“அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க” என்றார் டீச்சர். “அவங்க உங்க பொண்ணு இல்ல.”

“என் பொண்ணுதான் டீச்சர்.”

“இந்த அரைமணி நேரத்துக்கு இல்ல. அவங்களுக்குக் கை இருக்கு. கண்ணுதான் கட்டியிருக்கு. கரண்டியைக் கையில குடுத்துக் கிண்ணம் எங்க இருக்குன்னு சொன்னாப் போதுமே. நீங்க கேட்டீங்களா?”

அம்மா கேட்கவில்லை. கண்கட்டுக்குள் இருந்த எனக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. அவள் ஊட்டினாள், நான் வாயைத் திறந்தேன். அதுதானே எங்கள் பழக்கம்!

பாதி வருடம் போனதும் எங்களை நேரடிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எனக்கும் அம்மாவுக்கும் ஒரே இடம். நகராட்சி நூலகத்துக்குப் பின்னால் ஒரு பகல்நேர மையம். காலையில் வேன் வந்து இருபது பேரைக் கொண்டுவந்து இறக்கும், மாலையில் திரும்பக் கொண்டுபோகும். ஒரு பெரிய கூடம், உட்கார்ந்தபடியே காய் நறுக்கும் உயரத்தில் மேடை போட்ட சமையலறை, சுவரெல்லாம் கைப்பிடிக் கம்பி. பொறுப்பாளர் ஒல்லியாக இருந்த ஓர் இளைஞர். அம்மா வந்த அன்றே அவரைத் தம்பி ஆக்கிவிட்டாள்.

அங்கேதான் கேப்டனைப் பார்த்தோம். ஐம்பது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையின் வாலிபால் அணிக்குத் தலைவராக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன். பக்கவாதம் வந்ததில் வலது கை வலுவிழந்துவிட்டது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக நடந்து வந்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு யாருமே காத்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் நாளே கேப்டன் சட்டைப் பொத்தானோடு இடது கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் போய் டக் டக்கென்று மேலிருந்து கீழ் வரை போட்டுவிட்டாள். அவர் தட்டை எடுக்கக் கையை நீட்டினால் தட்டு அதற்குள் மேஜைக்கு வந்திருக்கும். அவர் வாயைத் திறந்தால் மிச்சத்தை இவள் சொல்வாள்.

“எனக்கு… ஒரு…”

“டீயா?”

“இல்ல… ஒரு…”

“தண்ணியா? சாய்ஞ்சுக்க ஒரு தலையணையா?”

“ஒரு… நிமிஷம்… சும்மா… இருங்க.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

என் கதை வேறு. நான் சுவரோடு சுவராக நின்றேன். பாடத்தில் இருந்ததெல்லாம் தலைக்குள் வரிசையாக நின்றது. எதிரில் உயிருள்ள ஒரு மனிதர் வந்து உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. “வணக்கம்” என்பேன். அதற்கப்புறம் என்ன என்று தெரியாது. நான் திணறுவது தெரிந்தால் அம்மா ஓடி வந்துவிடுவாள். எனக்குக் கொடுத்த ஆளோடும் அவளே பேசுவாள், எனக்குக் கொடுத்த வேலையையும் அவளே முடிப்பாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. டீச்சர் பார்வையிட வந்த அன்று எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, “ஒருத்தர் ரொம்பக் கிட்ட நிக்கறீங்க, ஒருத்தர் ரொம்பத் தள்ளி நிக்கறீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாரத்தில் ஒருநாள் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். சாப்பாட்டில் உப்பு, மின்விசிறியின் சத்தம், டிவியில் யாருக்கு எந்தச் சேனல் என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த வாரம் கேப்டன் இடது கையைத் தூக்கினார். கூடம் அமைதியானது. அங்கே இருந்தவர்களுக்கு அவருக்காகக் காத்திருக்கத் தெரியும்.

“இந்தம்மா…” என்று என் அம்மாவைக் காட்டினார். “நல்லவங்க.”

அம்மா வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆனா… என் வேலையெல்லாம்… இவங்களே… செஞ்சிடறாங்க. பொத்தான் போட… எனக்குத் தெரியும். நேரந்தான்… ஆகும். பேச்சும்… இவங்களே… பேசிட்டா… நான்… எதுக்கு… இங்க வர்றேன்?”

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, “எனக்கும் தலை வாரி விட்டுட்டாங்க. நான் வேற மாதிரி வகிடு எடுப்பேன்” என்றார். பொறுப்பாளர் தன்மையாக, “சரி கேப்டன், கேட்டுக்கிட்டோம்” என்றார். அம்மாவின் முகம் செத்துவிட்டது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. என் வாழ்நாளில் நான் கேட்டிராத அமைதி அது. வீட்டில் பையை வைத்ததும் சொன்னாள், “நாளையிலேருந்து நான் வரல. எனக்கு இந்தப் படிப்பெல்லாம் சரிப்பட்டு வராது. உனக்காகத்தானே சேர்ந்தேன். உன் வகுப்பு நடக்குது. போதும்.”

அப்பா செய்தித்தாளை இறக்கினார். “யாரு என்ன சொன்னாங்க?”

அம்மா சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. “நல்லது செய்யப் போய்க் கெட்ட பேருங்க. இத்தனை வருஷமா எல்லாருக்கும் செஞ்சிருக்கேன். ஒருத்தராவது இப்படிச் சொல்லியிருப்பாங்களா?”

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அன்று எங்கிருந்தோ வந்துவிட்டது.

“நான் சொல்லணும்னு இருந்தேம்மா.”

“என்ன?”

“கேப்டன் சொன்னதை. அதேதான். என் வேலையையும் நீயே செஞ்சிடறே. என்கிட்ட கேள்வி கேட்டா பதிலையும் நீயே சொல்றே. நான் அங்க சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி நிக்கறேன்.”

அம்மா என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“எத்தனை வருஷமாச் சொல்லணும்னு இருந்தே?”

நல்லவேளை, அப்பா குறுக்கே வந்தார். “எனக்கு அப்படி எந்தக் குறையும் இல்லம்மா. நீ பாட்டுக்குச் செஞ்சுக்கிட்டே இரு.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். லிஃப்டைப் பிரித்துப் போட்டு மாட்டத் தெரிந்த மனிதர், காலுறைக்காக நடுக்கூடத்தில் நின்று குரல் கொடுக்கிற மனிதர். அந்தப் பார்வையில் என்னவோ தீர்மானம் இருந்தது.

மறுநாள் எங்கள் வீட்டில் பயிற்சி தொடங்கியது. காலையில் அப்பா வழக்கம் போல, “என் சாக்ஸ் எங்கே?” என்றார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க எங்க இருக்கும்னு நினைக்கறீங்க?”

“என்னது?”

“கேள்விக்குக் கேள்விதான். டீச்சர் அப்படித்தான் கேக்கச் சொல்லியிருக்காங்க.”

அப்பா நான்கு இழுப்பறைகளைத் திறந்தார். இரண்டில் இருந்ததைக் கீழே கொட்டினார். அம்மாவின் உதடு துடித்தது. தொடைக்கு அடியில் இருந்த கை இரண்டு முறை பாதி வெளியே வந்துவிட்டு உள்ளே போயிற்று. கடைசியில் அப்பா ஒரு ஜோடியைப் பிடித்து இழுத்து, ஏதோ புதையல் எடுத்தவர் மாதிரி தூக்கிக் காட்டினார். ஒன்று கறுப்பு, ஒன்று கருநீலம். அம்மா அதையும் சொல்லவில்லை. அவர் அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் அவர் முட்டை பொரித்தார். முட்டையைவிட ஓடு அதிகமாக இருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டதில் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க, முதுகுப் பக்கம் கசக்கிப் போட்ட காகிதம் போல இருந்தது. “இது படிப்பா, இல்ல வேலைநிறுத்தமா? அதைத் தெளிவாச் சொல்லிடு” என்று கத்தினார். ஆனால் அடுத்த வாரம் அவரே வெங்காயம் நறுக்கி ஏதோ ஒன்று செய்து, எங்களை உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, நாங்கள் முதல் கவளம் விழுங்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகவே இருந்தது. நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன்.

இனி வர மாட்டேன் என்று சொன்ன அம்மா, மையத்துக்கும் அந்த மறுநாளே வந்துவிட்டாள். நேராகக் கேப்டன் முன்னால் போய் நின்றாள்.

“நேத்து நீங்க சொன்னது சரிதான். எனக்கு அது புரியவே இல்ல. இனிமே என்ன வேணும்னு நீங்க சொல்லுங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்.”

கேப்டன் யோசித்தார். அம்மா காத்திருந்தாள். நான் பார்க்க, வீட்டுக்கு வெளியே அவள் முதல்முறையாக ஒரு மனிதருக்காகக் காத்திருந்தாள்.

“வாயையும்” என்றார் கேப்டன்.

அதற்கு அவரே சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அதன்பின் இருவருக்கும் ஒத்துப் போய்விட்டது.

பயிற்சி முடியும் தறுவாயில் கேப்டனுக்கு ஒரு ஆசை வந்தது. கடைத்தெருவுக்குப் போக வேண்டும். ஒரு பொருள் வாங்க வேண்டும். என்ன என்று சொல்லவில்லை. பொறுப்பாளர் அம்மாவையும் என்னையும் துணைக்கு அனுப்பினார். அது எங்கள் செய்முறைத் தேர்வின் ஒரு பகுதி என்பதால் டீச்சரும் பின்னால், யாரோ எவரோ போல, ஒரு குடையை மடக்கிப் பிடித்தபடி வந்தார்.

கேப்டன் எங்களை விளையாட்டுச் சாமான் கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே நல்ல கூட்டம். அவர் முறை வந்ததும் கடைக்காரர் அவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, “இவருக்கு என்ன வேணும்?” என்றார்.

“எனக்கு எப்படிங்க தெரியும்? அவரைக் கேளுங்க” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கேப்டன் தொடங்கினார். “எனக்கு… ஒரு… வா…”

கடைக்காரர் சட்டென்று குனிந்து பளபளவென்று மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்தை எடுத்து வைத்தார். மூன்று வயதுக் குழந்தைகள் உருட்டுகிற பந்து. கேப்டனின் காது சிவந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தச் சொல் நுனி நாக்கில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. கன்னம் உப்பிவிட்டது. விழுங்கினாள்.

“இல்ல…” என்றார் கேப்டன். “வா… வா…”

பின்னால் நின்ற உயரமான ஆள் ஒருவர் செருமினார். “ஏம்மா, நீங்களே சொல்லிடக் கூடாதா? எங்களுக்கும் வேலை இருக்கில்ல?”

அம்மா திரும்பினாள். இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த குரல் மொத்தமும் அந்த ஆளுக்குக் கிடைத்தது.

“சார், இவர் பேசிட்டிருக்காரு. குறுக்க பேசறது நீங்கதான். நீங்க பேசாம இருந்தீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்!”

கடை முழுவதும் நிசப்தம். யாரோ ஒரு சிறுமி கையில் இருந்த ஸ்கிப்பிங் கயிற்றை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அந்த நிசப்தத்துக்குள் கேப்டன் நிதானமாக வந்தார்.

“வாலிபால். மேல் தட்டுல… வெள்ளை. இந்த மஞ்சளை… குழந்தைங்களுக்கு… வித்துக்குங்க.”

கடைக்காரர் அசடு வழிந்துகொண்டே ஏணி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். கேப்டன் அதை மேஜையில் வைத்து இடது கையால் அமுக்கினார், சுழற்றினார், தையலைத் தடவினார். “காத்து… கம்மி” என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் காற்றடித்தார். கேப்டன் மறுபடி அமுக்கினார். மறுபடி கம்மி. மூன்றாவது முறைதான் தலையாட்டினார். பின்னால் நின்ற உயரமான ஆளுக்கு அதற்குள் அவசரம் போய்விட்டது. எட்டிப் பார்த்து, “நீங்க ஆடினவரா?” என்று கேட்டார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவராம். கேப்டன் பதில் சொல்லி முடிக்கும் வரை இந்தத் தடவை காத்திருந்தார்.

வெளியே வந்ததும் கேப்டனுக்குக் களைத்துவிட்டது. பஸ் நிறுத்தத்து இருக்கையில் பந்தை மடியில் வைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அம்மா கொஞ்சம் தள்ளி, கடை வாசலில் தொங்கிய நீச்சல் உடைகளை அக்கறையாகப் பார்ப்பது போல நின்றுகொண்டாள். வழக்கமாக இந்நேரம் அவள்தான் பேசிக்கொண்டிருப்பாள். அவள் பேசாததால் எங்கள் நடுவே ஒரு காலியிடம் கிடந்தது. அதை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

“கேப்டன்,” என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. “வலது கையில அடிச்சுப் பழகினவங்க இடது கையில சர்வீஸ் போட முடியுமா?”

அவர் என் பக்கம் திரும்பினார். “அதைத்தான்… பாக்கணும்.”

“கீழேயிருந்து அடிச்சா?”

“கீழேயிருந்தா… அது… பயந்தவங்க… ஆட்டம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மழையில் ஆடிய ஒரு இறுதிப் போட்டி, வழுக்கி விழுந்து எதிரணிக்காரர் மேலேயே உட்கார்ந்துவிட்டது, கோப்பையை வேனில் மறந்து வைத்தது. ஒரு பஸ் வந்தது, போயிற்று. நாங்கள் ஏறவில்லை. பின்னால் குடையோடு நின்ற டீச்சர் என்ன குறித்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருப்பதையே நான் மறந்துவிட்டேன்.

பந்து வந்து சேர்ந்ததும் மையத்தின் பின்பக்கம் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வலையைத் தாழ்வாகக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் நாற்காலிகள். கேப்டனின் முதல் சர்வீஸ் வலையைத் தாண்டவில்லை, இரண்டாவது சமையலறை ஜன்னலுக்குள் போயிற்று. மூன்றாவது எதிரணியில் உட்கார்ந்திருந்த பொறுப்பாளரின் மூக்கைப் பதம் பார்த்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “பாயிண்ட் உங்களுக்குத்தான் கேப்டன்” என்றார்.

நானும் அம்மாவும் தேறினோம். சித்தியும் தேறினாள், மாமாக்களும் தேறினார்கள். எனக்கு எழுத்தில் அதிகம், அம்மாவுக்குச் செய்முறையில் என்னைவிட இரண்டு மதிப்பெண் அதிகம். அந்த இரண்டைப் பற்றி வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அம்மா அந்தப் பகல்நேர மையத்துக்கே விண்ணப்பித்தாள். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும்போது மையத்துக்கு வருகிறவர்களில் ஒருவரும் நேர்காணலில் உட்காருவார். அந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து கேப்டனை உட்கார வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்த அம்மாவை நானும் அப்பாவும் வாசலிலேயே மடக்கினோம்.

“கேப்டன் என்ன கேட்டாரு?”

“உங்ககிட்ட என்ன குறைன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“அவசரம்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“தெரியும்னாரு. எப்ப… சேருவீங்கன்னு… கேட்டாரு.” கேப்டன் மாதிரியே சொல்லிக் காட்டினாள். “உடனேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டு, திங்கக்கிழமைன்னேன்.”

அப்பா அன்று கடைக்குப் போய் அவளுக்கு ஒரு கைப்பை வாங்கி வந்தார். நிறம் கொஞ்சம் கண்ணைக் குத்தியது. அவர் தனியாகப் போய்த் தேர்ந்தெடுத்தது என்பதால் நாங்கள் இருவரும் பிரமாதம் என்றோம்.

திங்கள்கிழமை காலை நானும் அம்மாவும் ஒன்றாகத் தெருவில் இறங்கினோம். அவள் பஸ் இந்தப் பக்கம், என் பஸ் அந்தப் பக்கம். சாலையைக் கடந்து நின்று அவளைப் பார்த்தேன். முதல் நாள் அல்லவா, ஏதாவது கத்திச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் பஸ் முதலில் வந்தது. ஏறினாள், ஜன்னலோரமாக இடம் பிடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் ஏதோ சொல்ல, என் அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போயிற்று.